மஞ்சள் கோட்டுக்கு விலக்கு இல்லை

அர்டிஸ் குவாம் நார்டாலில் பிறந்து, நார்டால் உயர்நிலைப் பள்ளியில் படித்து, அங்கேயே தட்டச்சராகச் சேர்ந்து, தலை நரைக்கத் தொடங்கியபோது ஒரு மகத்தான கலையைக் கண்டடைந்தவள். அரசாங்கத்திடம் விதிவிலக்குக் கேட்கும் கலை அது.

பள்ளிப் பிள்ளைகளை வேலைக்குப் பழக்க வாஷிங்டனில் ஒரு திட்டம் போட்டார்கள். திட்டத்தோடு பணம் வந்தது, பணத்தோடு விதிகள் வந்தன. வட மினசோட்டாவில், ஒரு மர அறுப்பு ஆலையையும் ஓர் ஏரியையும் நம்பிப் பிழைக்கும் ஊருக்கு அந்த விதிகள் எதுவும் அளவாகப் பொருந்தவில்லை. பொருந்தாத விதியைத் தளர்த்தச் சொல்லி மாநிலத்துக்கு எழுதலாம், மாநிலம் வாஷிங்டனுக்கு எழுதும் என்று சட்டத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. அதில் அர்டிஸ் நூல் கோத்தாள். வகுப்பு நேர விதிக்கு விலக்கு வாங்கினாள். பேருந்து விதிக்கு வாங்கினாள். கேட்டது எதுவும் மறுக்கப்பட்டதில்லை. அவள் வந்தால் தலைமையாசிரியர் எழுந்து நின்றார். பாதிரியார்கூடப் பத்துக் கட்டளைகளில் ஒன்றிரண்டை அவளிடம் கொடுத்துப் பார்க்கலாமா என்று யோசித்ததாக ஊரில் பேச்சு.

அந்த இலையுதிர்காலத்தில் ஆலை மேற்பார்வையாளர் வெண்டல் ஸ்டோர்லி அவள் அறைக்கு வந்தார்.

“பழக வர்ற ஒவ்வொரு பையன் பக்கத்துலயும் அனுபவசாலி ஒருத்தன் நிக்கணுமாமே, அர்டிஸ். அவன் அங்க நின்னா கட்டையை யாரு தள்றது? நானா?”

“கவலைய விடுங்க வெண்டல். அது படிப்பு விதி. எடுத்துடலாம்.”

“பாதுகாப்பு விதி இல்லையே?”

“பாதுகாப்பு விதியத் தொட வாஷிங்டனுக்கே அதிகாரம் கிடையாது. இது வழிகாட்டிங்கற தலைப்புல வருது. தலைப்பே வேற.”

வெண்டல் தலையாட்டிவிட்டு இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். பையை நிரப்பும் அளவுக்கு அதில் விரல்கள் இல்லை.

விலக்குக் கேட்குமுன் ஊரைக் கேட்கவேண்டும் என்பது சட்டம். லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கூட்டம் நடந்தது. ஆலையில் வாழ்நாளைக் கழித்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். மீந்த விரல்களால் கோப்பையைப் பிடித்துக் காபி குடித்தார்கள். நார்டாலில் ஒருவர் முகத்துக்கு நேரே ‘வேண்டாம்’ என்று சொல்வது திருடுவதைவிடக் கேவலம். “ஆட்சேபம் ஏதாவது உண்டா?” என்று அர்டிஸ் திரும்பத் திரும்பக் கேட்டாள். இந்த வருஷம் பனி சீக்கிரம் விழும்போலிருக்கிறது என்றார் ஒரு கிழவர். ‘ஊர் ஒருமனதாக ஆதரிக்கிறது’ என்று எழுதி அனுப்பினாள்.

விலக்கு வந்தது. முதலில் ஆலைக்குப் போகும் மாணவனும் முடிவானான்: கோரி குவாம், அர்டிஸின் ஒரே மகன். திட்டத்தை வளர்த்தவளே தன் பிள்ளையை அனுப்பாவிட்டால் எப்படி?

அவன் போகவேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு, தேவாலயத்திலிருந்து திரும்பியபோது வாசலில் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் ஹாட்டிஷ். இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி அடுப்பில் வேகவைத்து, மேலே தாள் மூடி, அடியில் அவரவர் பெயர் ஒட்டியது. பக்கத்து வீட்டு லவோன் இன்னொன்றோடு படியேறிக்கொண்டிருந்தாள். அவள் கணவனும் ஆலைக்காரன்தான்.

“பாராட்டா லவோன்? இப்படிக் குவிச்சிருக்கீங்க! எங்க வீட்ல யாரும் சாகலையேம்மா!” என்று அர்டிஸ் சிரித்தாள்.

லவோன் சிரிக்கவில்லை. “ச்சே, சும்மாதான். ஃப்ரீசர்ல வெச்சுக்கோ. கெடாது.”

“எதுவரைக்கும்?”

“வேண்டியிருக்கும்போது எடுத்துக்கலாம்.”

லவோன் அவள் கண்ணைப் பார்க்காமல் இறங்கிப் போனாள். நார்டாலில் ஹாட்டிஷ் வரிசையாக வந்து இறங்குவது துக்க வீட்டுக்குத்தான் என்பது அர்டிஸுக்குத் தெரியாததல்ல. ஊர் தன் ஆட்சேபத்தை இப்போதுதான் பதிவு செய்திருந்தது.

“நாளைக்குப் போகாதடா,” என்றாள் மகனிடம்.

“என்னம்மா விளையாடற? ஊரே ஒருமனசா ஆதரிக்குதுன்னு எழுதுனது யாரு? இப்பப் பின்வாங்குனா பசங்க முன்னாடி மூஞ்சிய எங்க வெச்சுக்குவேன்?”

மறுநாள் காலை அவனுக்குப் பின்னாலேயே ஆலைக்குப் போனாள். வாசலுக்குள் தரையில் மஞ்சள் கோடு. அப்பால் ரம்பம் பாடிக்கொண்டிருந்தது. வெண்டல் குறுக்கே வந்தார்.

“நான் அவன் பக்கத்துல நிக்கறேன் வெண்டல். வழிகாட்டியா.”

“மஞ்சக் கோட்டத் தாண்டி வெளியாள் வரக்கூடாது, அர்டிஸ்.”

“அதுக்கு விலக்கு வாங்கிடறேன்.”

“அது பாதுகாப்பு விதி,” என்றார் வெண்டல், மிகவும் வருத்தத்தோடு. “வாஷிங்டனுக்கே அதிகாரம் கிடையாது. நீங்கதான சொன்னீங்க.”

அர்டிஸ் கோட்டின் இந்தப் பக்கம் நின்றாள். திடீரென்று ரம்பம் நின்றது. முற்றத்தில் இருந்தவர்கள் யாரும் உள்ளே பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள்.

காபி நேரம், அவ்வளவுதான். கோரி கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். அர்டிஸ் அவன் இரண்டு கைகளையும் பிடித்து, பிறந்த குழந்தையின் கையைப் பார்ப்பதுபோல, புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

“விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க!”

சங்கு ஊதியது. அவன் கையை உருவிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். ரம்பம் விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்தது.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது வாசலில் இன்னொரு பாத்திரம் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். சூடு ஆறவில்லை.