தூண் இல்லாத ஹாலுக்கு மூன்று வேளைத் தண்ணீர்

மணிபிளான்ட் என்பது பாட்டில் தண்ணீரிலேயே உயிர் வாழும் செடி. அதைத் தண்ணீர் இல்லாமல் சாகடித்தவன் நான். பாட்டில் வற்றியது எனக்குத் தெரியவில்லை. அப்போது மும்முரமாகப் புல்லாங்குழல் பழகிக்கொண்டிருந்தேன். புல்லாங்குழலும் பிழைக்கவில்லை. அதற்குப் பின்னால் வந்த புகைப்படக்கலை, பறவை பார்த்தல், மாடித்தோட்டம் எல்லாம் பரண்மேல் இருக்கின்றன. மிஞ்சிய ஒரே பொழுதுபோக்கு சினிமா. அதில்தான் எதையும் உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பு கிடையாது.

ஆகவே தஞ்சாவூரின் ஓரத்தில் ஒரு மனையில் வீடு கட்டத் தொடங்கியபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஹாலின் நடுவே தூண் கூடாது. சுவரில் புரொஜெக்டர் வைத்துப் படம் ஓட்டுவேன். எங்கே உட்கார்ந்தாலும் முழுப் படமும் தெரிய வேண்டும்.

மேஸ்திரிக்கு இது பிடிக்கவில்லை.

"நடுவுல ஒரு பில்லர் குடுத்துடுங்க சார். அது பாட்டுக்கு ஒரு ஓரமா நிக்கும்."

"நடுவுல எப்படிங்க ஓரமா நிக்கும்?"

என் மனைவி மேஸ்திரியின் கட்சி. "ஏங்க, படத்த மறைச்சா தலையச் சாய்ச்சுப் பாத்துக்கலாம். தளமே தலையில விழுந்தா எந்தப் பக்கம் சாய்க்கிறது?"

இன்ஜினியர் கணக்குப் போட்டு, பீமை ஆழமாக்கி, தூண் வேண்டாம் என்று எனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கூடவே ஒரு நிபந்தனை. கான்கிரீட் போட்ட நாளிலிருந்து இருபத்தோரு நாள் மேல்தளம் ஒரு வேளைகூடக் காயக்கூடாது. பிறகுதான் அடியில் நிற்கும் முட்டுகளை எடுக்கலாம். "தண்ணி யாரு விடுவீங்க?" என்றார். "நான்தான்" என்றேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மணிபிளான்ட் இருந்தது.

சேர்ந்துகிடந்த விடுப்பை மொத்தமாக எடுத்தேன். வாடகை வீடு இரண்டு தெரு தள்ளி. மேஸ்திரி தளத்தின்மேல் சிமென்ட் கலவையால் விரலுயர வரப்பு கட்டிப் பாத்தி பிரித்துக் கொடுத்தார். காலை, மதியம், சாயங்காலம் போய் மோட்டாரைப் போட்டு, ஹோஸைப் பிடித்து எல்லாப் பாத்தியையும் நிரப்புவேன். மாசி வெயில் அதை மதியத்துக்குள் குடித்துவிடும். பயந்துபோய், குத்தாலத்தில் விவசாயம் பார்க்கும் மனைவியின் அண்ணனிடம் வைக்கோல் கேட்டேன்.

"மாடு வாங்கிட்டீங்களா மாப்ள?"

"இல்ல, தளத்துக்கு. மேல பரப்புனா ஈரம் நிக்கும்ல."

"ஊரே வைக்கோல் கூரையப் பிரிச்சுட்டு கான்கிரீட் போடுது. நீங்க கான்கிரீட்டுக்கு மேல வைக்கோல் போடுறீங்க. நல்லாருங்க."

ஆனாலும் நாலு கட்டு வந்து இறங்கியது. பரப்பினேன். ஈரம் நின்றது.

இடைப்பட்ட நேரங்களில் வாடகை வீட்டில் படம் பார்த்தோம். ஒரு படத்துக்கு ஒரு இடைவேளை என்பது நாட்டு வழக்கம். என் படங்களுக்கு இரண்டு. துப்பறியும் படம் என்றால் கொலைகாரன் முகத்தைக் காட்டப்போகும் கட்டத்தில் சரியாகத் தண்ணீர் வேளை வந்துவிடும். சட்டை நனைந்து திரும்பி வந்தால் மனைவி முடிவைப் பார்த்து முடித்திருப்பாள்.

"அந்த டாக்டர்தான்" என்பாள், நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

ஒன்பதாம் நாள் காலை தளத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. பாசி என்று நினைத்துக் குனிந்தேன். நெல். வைக்கோலில் உதிராமல் ஒட்டியிருந்த மணிகள் முளைத்திருந்தன. மூன்று தலைமுறையாக உத்தியோகம் மட்டுமே பார்த்த குடும்பத்தில் முதல் சாகுபடி, அதுவும் மொட்டை மாடியில்.

செய்தி பரவித் தெருக்காரர்கள் ஏணியேறி வந்தார்கள். "என்ன ரகம் சார்?" என்று ஒருவர் கேட்டார். "ஆத்துல தண்ணியே இல்ல, உங்களுக்கு மட்டும் எப்பத் தொறந்து விட்டாங்க?" என்றார் இன்னொருவர். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

"வேரு தளத்துக்குள்ள எறங்கிடாதே?"

ஒரு கொத்தைப் பிடுங்கிக் காட்டினேன். வேர் வைக்கோலோடு பாயைப்போல உரிந்து வந்தது. அடியில் தளம் கருங்கல்போல இருந்தது. அவள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, தட்டிய விரலைத் தேய்த்துக்கொண்டாள்.

இருபத்தோராம் நாள் மைத்துனர் தன் வைக்கோலின் புகழைக் கேட்டு நேரில் வந்தார். நாற்றைத் தடவிப் பார்த்தார். "சரியான வயசு. வயல் இருந்தா நாளைக்கே நடவு போட்டுடலாம் மாப்ள" என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் பாராட்டு இது. திருமணமாகி இருபது வருடம் ஆகிறது.

மறுநாள் முட்டு எடுக்க வந்த மேஸ்திரி முதலில் மேலே ஏறினார். சாணளவு நின்ற நாற்றை வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு வேளை தவறியிருந்தாலும் இது கருகியிருக்கும் சார்" என்றார்.

கீழே, பீம் தொய்ந்தால் தெரியும்படி அதன் அடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டினார். எங்களை வாசலுக்கு வெளியே போகச் சொன்னார். நடுவிலிருந்து ஒவ்வொரு முட்டாகத் தட்டி உருவ, ஒவ்வொன்றும் தரையில் விழுந்த சத்தத்துக்கு என் தோள்கள் தாமாகக் குறுகின. மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நான் ஓடிவிடாமல் இருப்பதற்காகவும் இருக்கலாம். கடைசி முட்டும் விழுந்தது. மேஸ்திரி ஒரு கண்ணை மூடி நூலைப் பார்த்தார். மறுமுனைக்குப் போய் அங்கிருந்தும் பார்த்தார்.

"ஒரு நூல் அளவுகூட எறங்கல. வெடிப்பும் இல்ல. பில்லர் கேட்டது என் தப்புதான் சார், ஒத்துக்குறேன்."

அன்று மதியம் மனைவி ஒரு பிடி நாற்றை உடைந்த சிமென்ட் வாளியில் நட்டு வாசலில் வைத்தாள். "இதுக்கும் நீங்களே தண்ணி ஊத்துங்க" என்றாள். எந்தச் செடியின் பக்கமும் போகக்கூடாது என்று பத்து வருடமாக எனக்கு இருந்த தடை அப்படி நீங்கியது.

சாயங்காலம் பூசாத செங்கல் சுவரில் என் வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரை ஒரு சிமென்ட் மூட்டையின்மேல் வைத்தேன். இருவரும் பார்க்காத துப்பறியும் படம். ஹால் முழுக்கக் காலியாக இருந்தும் மனைவி நாற்காலியைத் தூண் வரவேண்டிய அதே இடத்தில் போட்டாள்.

பாதிப் படத்தில் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன்.

"உக்காருங்க. தண்ணியெல்லாம் விட்டாச்சு" என்றாள். பிறகு திரையைப் பார்த்தபடியே, "இங்கேருந்து நல்லாத்தான் தெரியுது."

ஜெயித்தவன் பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் மூடிக்கொண்டுதான் இருந்தேன்.