கால்வாயைக் கேட்ட தலைவர்

ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லைத் தகராறு நடந்த நாட்களில், எங்கள் ஊரை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி மனு கொடுக்க நாங்கள் ஆறு பேர் புத்தூர் பங்களாவுக்குப் போனோம். அங்கே மனு வாங்க வந்து தங்கியிருந்தவர் பழைய மந்திரி; கதர் ஜிப்பா, கனத்த கண்ணாடி. நான் மனுவை வாசிக்க வாசிக்க அவர் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். தோலைக் கீழே போடாமல் ஜிப்பா பையில் போட்டுக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முடித்ததும் அவர் கேட்டார்: "வர்ற வழியில பார்த்தேன். உங்க ஏரிக் கால்வாய் ஏன் தூர்ந்து கிடக்குது?"

"எல்லை முடிவாகட்டும்னு வுட்டுட்டோம்யா. நாங்க வெட்டி, தண்ணி அடுத்த ராஜ்யத்துக்குப் போயிடுச்சின்னா? அத்த வுடுங்க. காலையிலேர்ந்து காத்துக்கினு இருக்கோம். மனுவுக்கு என்னா சொல்றீங்க?" என்றேன்.

"மெட்ராஸ்ல சேர்ந்தா சந்தோஷமா இருப்பீங்களா?"

"இருப்போம்."

"அப்ப கால்வாய யாரு வெட்டுவாங்க?"

வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கினேன்.

"சந்தோஷத்த சர்க்கார் குடுக்காதுங்க. அடுத்தவன் வயலுக்கும் சேர்த்து வெட்டறவன் ஊர்லதான் அது இருக்கும்" என்றவர், மனுவை மடித்துக் கடலைத் தோல் இருந்த அதே பைக்குள் திணித்தார்.

ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. மனுவை மேலே அனுப்பினாரா, தோலோடு சேர்த்துக் கொட்டினாரா, தெரியாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த வாரமே, அவரைத் திட்டிக்கொண்டே, வீட்டுக்கு ஓர் ஆளாகப் போய்க் கால்வாயை வெட்டினோம். இன்றும் கோடைதோறும் வெட்டுகிறோம். இன்றும் திட்டுகிறோம்.