சோதித்தவர் பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் சகலை போன் செய்தால், எடுத்தவுடன் குரல் கேட்காது. பெரிய இரைச்சல் ஒன்றுதான் கேட்கும். போனை அவர் டிரையருக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்திருப்பார். அரை நிமிஷம் அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்க வைத்துவிட்டு, அப்புறம்தான், "ஓடுது சகலை, கேக்குதா?" என்பார். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் என் வீட்டு மாடி அறையில் பல் துலக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நான், "கேக்குதுங் சகலை, காது கிழியுதுங்" என்பேன். எங்கள் பேச்சின் பாதி இதுதான். மீதிப் பாதி, எது சரியாக ஓடவில்லை என்பது.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். என்னைவிட நாலு வயது இளையவர். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஃபேக்டரி ஃபிட்டர். என் மனைவியும் அந்த எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில், பிறந்தவள்தான். சித்தூர் கவர்ன்மென்ட் காலேஜுக்குப் படிக்க வந்தவளை நான் கட்டிக்கொண்டேன். தங்கை லயத்தை விட்டு நகராமல் ஃபிட்டரைக் கட்டிக்கொண்டாள். நான் பேசும் கொங்குத் தமிழைக் கேட்டாலே சகலைக்குச் சிரிப்பு வந்துவிடும். "உங்க ஊர்ல சண்டை போட்டாக்கூட 'ங்க' போட்டுத்தான் போடுவீகளா?" என்று கேட்பார்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கித் தோற்றவன் நான். சம்பள வேலை வேறு. அது போக, மிச்சம் இருக்கும் நேரமெல்லாம் ஒரு எமுலேட்டருக்குப் போய்விடும். ஒரு கம்ப்யூட்டருக்குள் வேறொரு கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவனை செய்யும் மென்பொருள் அது. செத்துப்போன பழைய இயந்திரத்துக்காக எழுதிய புரோகிராமை இதற்குள் போட்டால், தான் இன்னும் அந்தப் பழைய உடம்பில்தான் இருக்கிறோம் என்று நம்பி அது ஓடும். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று மூல நிரலோடு திறந்து வைத்திருக்கும் சமாச்சாரம். ஒரு சர்வரைப் பத்தாகப் பிரித்து ஓட்டுகிற பகுதிதான் பெரிய கம்பெனிகளுக்கு வேண்டும். அதற்குச் சம்பளத்துக்கு ஆள் உண்டு. எனக்கு வாய்த்தது, மூலையில் கிடந்த, தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் ஒரு பழைய சர்க்யூட் போர்டு. அதற்கு நான்தான் பராமரிப்பாளர். யாரும் கேட்காததால் நான்.

யாரும் கேட்காத அந்த போர்டை ஒரு நாள் சகலை கேட்டார். அவருடைய ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கும் டிரையரின் சூட்டைக் கட்டுப்படுத்தியது ஒரு வெளிநாட்டுப் பெட்டி. செய்த கம்பெனி எப்போதோ மூடிப்போயிருந்தது. பெட்டி செத்ததும், புது டிரையர் வாங்குவதைவிடக் கொழுந்தை வேறு ஃபேக்டரிக்கு அனுப்பிவிடலாம் என்று மேலே பேச ஆரம்பித்தார்கள். ஃபேக்டரி நின்றால் வேலை போகும்; வேலை போனால் லயத்து வீட்டையும் ஒழித்துக் கொடுக்க வேண்டும். சகலை அந்தப் பெட்டிக்குள் இருந்த சிப்பைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு எடுத்துப்போய், அதிலிருந்த புரோகிராமை ஃபைலாக வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே இருந்தது நான் பராமரிக்கும் அதே போர்டு. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாலு மாதம் மல்லுக்கட்டி, ஒரு சாதாரணக் கம்ப்யூட்டரில் எமுலேட்டரைப் போட்டு, அதிலிருந்து ஒரு கேபிளை டிரையருக்கு இழுத்து ஓட வைத்தோம். அன்றைக்கு என் கொழுந்தியா லயம் முழுக்கப் பாயசம் கொடுத்தாளாம்.

அதற்குப் பிறகு எங்கள் எமுலேட்டரின் ஒவ்வொரு புது வெளியீட்டையும் சகலை சோதித்தார். நான்தான் சோதிக்கச் சொன்னேன். சனிக்கிழமைக் கொழுந்து காய்ந்து முடிந்து, ஞாயிறு காலை அடுப்பில் சூடு மிச்சம் இருக்கும்போது புதியதைப் போட்டு ஓட்டிப் பார்ப்பார். சோதனைக்கென்று தனியாக விறகு கொடுக்க மாட்டார்கள். ஒரு தடவை, "ரிலே அடிக்கிற சத்தம் பிந்துது சகலை" என்றார். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச் அது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து, எமுலேட்டருக்குள் இருக்கும் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். பெரிய பெரிய ஆட்கள் புழங்குகிற பகுதியில் வருடக்கணக்காக யார் கண்ணிலும் படாத பிழை அது. திருத்தி அனுப்பினேன். நாங்கள் எல்லோரும் மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மெயிலிங் லிஸ்டில் ஆளாளுக்குப் பாராட்டினார்கள், என்னை.

எங்கள் புராஜெக்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அடியில் எழுதியவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், சோதித்தவர் பெயர் என்று வரி வரியாகப் போடுவோம். பெயரோடு மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். சகலைக்கு முகவரி கிடையாது. "அதெல்லாம் எதுக்குங்க, உங்க பேரையே போடுங்க" என்றார். ஒரு முகவரி ஆரம்பித்துக் கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அலுப்பு. எழுதியவரும் நான், சோதித்தவரும் நான் என்று போட்டேன். அடுத்த தடவையும் அப்படியே. ஆறேழு வருடம் அந்த ஏட்டில் சகலை என்று ஒரு மனிதர் இருந்ததற்கு அடையாளமே இல்லை.

பிறகு ஒரு சமயம் எமுலேட்டரின் அடித்தளத்தையே மாற்றினார்கள். பழைய போர்டு ஒவ்வொன்றையும் புது முறைக்கு மாற்றி எழுதியாக வேண்டும். என் போர்டு மட்டும் வழியை மறித்துக்கொண்டு நின்றது. வேறொரு தேசத்துக்காரர், ரொம்ப மரியாதையாக, "இதை யாராவது பயன்படுத்துகிறார்களா?" என்று லிஸ்டில் கேட்டிருந்தார். அந்த வருடம் நான் இருந்த இருப்பைச் சொன்னால் யாருக்கும் புரியாது. சம்பள வேலையில் உயிரை எடுத்தார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. யாரோ முகம் தெரியாதவன் நான் பதில் போடவில்லை என்று திட்டி எழுதுவான். அவனுக்கும் பணிவாகப் பதில் எழுத வேண்டும். 'ஒரு தேயிலை ஃபேக்டரியில் பயன்படுத்துகிறார்கள்' என்று டைப் செய்தேன். அனுப்பினால், அப்படியானால் நீங்களே மாற்றி எழுதிக் கொடுங்கள் என்பார்கள் என்று தெரியும். என்னால் முடியாது. அந்த வரியை அழித்தேன். 'எனக்குத் தெரிந்து என்னைத் தவிர யாரும் இல்லை' என்று எழுதி அனுப்பினேன். ஏட்டைப் பார்த்தவர்களுக்கும் அது உண்மை என்றுதான் பட்டிருக்கும்.

எடுத்த எடுப்பில் நீக்கமாட்டார்கள். இரண்டு வெளியீடு வரைக்கும், ஓட்ட ஆரம்பிக்கும்போதே திரையில் ஒரு எச்சரிக்கை வரும்: இந்த இயந்திரம் கைவிடப்பட்டது, வரும் வெளியீட்டில் நீக்கப்படும். யாருக்காவது வேண்டுமென்றால் அதைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பார்கள் என்பது ஏற்பாடு. அந்த எச்சரிக்கையைச் சேர்த்த திருத்தத்தையும், பேட்ச் என்போம், நானே அனுப்பினேன். சகலைக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குள் ஒரு சமாதானம். புதியதில் நீக்கினால் என்ன, அவரிடம் இருக்கும் பழைய காப்பி பாட்டுக்கு ஓடும். யாரும் வந்து பிடுங்கப்போவதில்லை. நாளைக்குப் போன் செய்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த நாளை வரவேயில்லை.

அவர்தான் போன் செய்தார். வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை. இரைச்சல் கேட்டது. "ஓடுது சகலை" என்றார். அப்புறம் பேசாமல் இருந்தார். போனை வைக்கவும் இல்லை. "வேற ஏதாச்சுங்களா?" என்றேன். "வேற ஒண்ணும் இல்லைங்க" என்றார். "அப்ப வெச்சரட்டுங்களா சகலை" என்று வைத்துவிட்டேன்.

மூன்று மாதத்தில் ஃபேக்டரியை நிறுத்தினார்கள். மெஷின் பழசாகிவிட்டது என்று காரணம் சொன்னதாக என் மனைவி தங்கையிடம் பேசிவிட்டு வந்து சொன்னாள். சகலைக்குப் போன் செய்து என்ன நடந்தது என்று கேட்டிருக்கலாம். கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்காமல் இருந்தேன். லயத்து வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டு, போடிமெட்டு ரோட்டில் ஒரு ரிசார்ட்டில் ஜெனரேட்டரும் மோட்டாரும் பார்க்கும் வேலைக்குச் சகலை போனார். ஒற்றை அறையும் சமையல் கட்டுமாக ஒரு வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமைப் போன் நின்றுபோனது. நானும் அம்மா, வேலை என்று சாக்கு வைத்துக்கொண்டு மூன்று வருடம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

போன தை மாதம் மனைவி விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனாள். சகலை சிரித்த முகமாகத்தான் வரவேற்றார். ஆள் இளைத்திருந்தார். அக்காவும் தங்கையும் உட்கார்ந்து காய் அரிந்துகொண்டிருந்தார்கள். பேச்சோடு பேச்சாகக் கொழுந்தியா சொன்னாள்: "எல்லாம் இந்த மனுசன் கையெழுத்துனால வந்த வெனை அக்கா. லயத்துல ஒருத்தி எங்கிட்ட மொகங் குடுத்துப் பேசல. ஃபிட்டர் நோட்டுல எழுதித்தான் ஃபேக்டரி போச்சுன்னு என் காதுபடவே பேசுனாளுக." சகலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போனார். நானும் போனேன்.

"நோட்டுல என்னங் சகலை எழுதினீங்க?" என்றேன்.

"ஸ்கிரீன்ல வந்தத எழுதுனேன். பாய்லரோ டிரையரோ, எது என்ன வார்னிங் காட்டுனாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டு மேனேஜர்ட்ட காட்டணும். அது ஃபிட்டரோட வேலை. மறைச்சு, நாளைக்குத் தீப்பிடிச்சா யாரு பொறுப்பு?"

"அந்த வரிய எழுதினது நானுங்க."

"தெரியுமே. யாரு மாத்துனதுன்னு தேடிப் பாத்தேன். உங்க பேருதான் இருந்துச்சு."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்காம இருந்துட்டீங்களே. ஒரு போன் போட்டிருக்கலாமுங்களே?"

"போட்டேனே சகலை. ஓடுதுன்னு சொல்லிட்டு, நீங்க சொல்லுவீகன்னு சும்மா நின்னேன். நீங்க வச்சிட்டீக. சரி, அவராலயே முடியல, வேற வழியில்லாமத்தான் செஞ்சிருப்பாருன்னு விட்டுட்டேன்."

பழைய காப்பி ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கும் என்பதை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். அவர் அதை நம்பாமல் என்னைப் பார்த்தார். அந்த மெஷின் மொத்தமாக நின்றுவிடும் என்றே இத்தனை நாள் நினைத்திருக்கிறார். "எத்தன நாளைக்கு ஓடியிருக்கும்?" என்று கேட்டார். நீங்கள் நிறுத்தும் வரைக்கும் என்றேன். அவர் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "இத உள்ள சொல்லிராதீக. அவளுக்கு உங்க மேல ரொம்ப மருவாதி. என்னைய ஏசி அவளுக்குப் பழகிப்போச்சு, அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். தப்பித்தோம் என்று மனசு சொன்னது. அப்படிச் சொன்ன மனசின் மேல் எனக்கு வந்த அருவருப்பில்தான் எழுந்து உள்ளே போனேன். சகலை பின்னாலிருந்து கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. எமுலேட்டர், பேட்ச் எதையும் சொல்லவில்லை. மெஷினில் அப்படி வரும்படி எழுதினது நான், அது தேவையே இல்லாமல் எழுதினது, அவரிடம் சொல்லாமல் எழுதினது என்று சொன்னேன்.

கொழுந்தியா கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப இவரு எழுதுனது தப்பில்லையா அத்தான்?"

"இல்லம்மா. மெஷின் சொன்னத எழுதினாரு. மெஷினை அப்படிச் சொல்ல வெச்சது நானு."

அவள் எழுந்து வெளியே போனாள். "மூணு வருசமா ஏசுனேனே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன?" என்று சகலையிடம் கேட்பதும், பிறகு அழுவதும் கேட்டது. சகலை என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. என் மனைவி என்னைப் பார்க்காமல் மிச்சக் காயை அரிந்தாள்.

மத்தியானம் இலை போட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்குச் சோறு போடுவது கொழுந்தியாதான். அக்காவைக் கரண்டி தொட விடமாட்டாள். மெலிந்துபோய்விட்டீர்கள் என்று கேலி பேசிக்கொண்டே, வேண்டாம் என்றாலும் அள்ளி வைப்பாள். அன்றைக்குச் சோற்றுச் சட்டியோடு வந்தவள் என் இலைக்கு முன்னால் கொஞ்சம் நின்றாள். "அக்கா, அத்தானுக்கு நீயே போட்டுரு" என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய்ச் சகலைக்குப் போட்டாள். அவர் போதும் போதும் என்று கையால் மறித்தார். அவள் அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.