ஏழாம் வகுப்பு கீழே இறங்கிய கதை

ஒரு கதையை வாசித்துப் பிள்ளைகள் அழுதுவிட்டால் அந்தப் பாடம் வெற்றி என்று நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். புவியீர்ப்பு விசை நடத்தும்போது யாரும் அழ வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. நடக்க முடியாத ஒரு சிறுவனைப் பற்றிய சிறுவர் நாவல் கைக்கு வந்ததும் கண்ணீர்தான் மதிப்பெண் என்று முடிவுகட்டிவிட்டேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளி பேரிகை என்ற ஊருக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் கம்பெனி பஸ் ஏறி ஷிப்டுக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் வீட்டில் ரோஜாத் தோட்ட வேலை. ஏழாம் வகுப்பு மாடியில். நாவலின் உச்சக் கட்டத்தில் நண்பர்கள் அந்தச் சிறுவனைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மலையேறித் திருவிழா காட்டுவார்கள். குரலை இறக்கி, நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். வகுப்பில் அழுதது ஒரே ஆள். அந்த ஆளிடம் கைக்குட்டை இல்லாததால் சாக்பீஸ் துடைக்கும் துணியில் முகத்தைத் துடைத்து, முழுக்க வெள்ளையாகிவிட்டேன்.

பயிற்சியில் சொல்லித்தந்த செயல்பாடுகளுக்குத் தாவினேன். கண்ணைக் கட்டிக்கொண்டு நடங்கள் என்றேன். ஐந்தே நிமிடத்தில் அது கண்ணாமூச்சி ஆனது. சரி, அந்தச் சிறுவனுக்குக் கடிதம் எழுதுங்கள் என்றேன். எல்லோரும் ‘எங்கள் பள்ளிக்கு வா’ என்று எழுதினார்கள். முதல் பெஞ்சுக்காரி மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

“வந்தா எப்டி சார் மேல ஏறுவான்? அவளே வர முடியலயே.”

எவள் என்று கேட்டேன்.

“நம்ம ரிஜிஸ்டர்ல மொத பேரு சார்.”

பதிவேட்டைத் திறந்தேன். தினமும் நான் தாண்டிப்போகும் பெயர் அது. கால்கள் செயல்படாத பிள்ளை; வீட்டிலிருந்தே படிக்கிறாள் என்ற குறிப்போடு பதிவேட்டில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை சிறப்பாசிரியர் போய்ச் சொல்லித் தருகிறார். ஊரில் இல்லாத ஒரு சிறுவனுக்காக மூக்கு சிந்திய நான், என் பதிவேட்டில் இருந்தவளை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

சனிக்கிழமை முதல் பெஞ்சுக்காரியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். லைன் வீடு. வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாள். நாவலைப் பரிசாக நீட்டி, நாலு பையன்கள் நாற்காலியோடு உன்னை மாடிக்குத் தூக்கி வருவார்கள், திங்கட்கிழமையே வந்துவிடு என்று அறிவித்தேன். கைதட்டல் வரும் என்று ஒரு கணம் காத்திருக்கவும் செய்தேன்.

அவள் மலையேறும் பக்கத்தைத் திறந்து நிதானமாகப் படித்தாள்.

“அவன தூக்கறதுக்கு முன்னாடி யாரும் கேக்கவே இல்லயே சார்.”

நான் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். மூன்று முறை படித்தவன் கவனிக்கவில்லை.

“ஆறாவதுல ரெண்டு நாள் வந்தன். தூக்கினுதான் போனாங்க. ஒன்னுக்கு வந்தா மறுபடி யாராச்சும் தூக்கணும். அதனால தண்ணியே குடிக்கல. தூக்காம இருந்தா வரன் சார்.”

சாரிடம் இப்படியா பேசுவது என்று அவள் அம்மா தெலுங்கில் அதட்டினார். அந்த இரண்டு நாளும் நான் பக்கத்து அறையில் எட்டாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவன். டீயை மடமடவென்று குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை, எந்தக் கையேட்டிலும் இல்லாத செயல்பாடு தொடங்கியது. அளவு நாடாவோடு பிள்ளைகள் பள்ளியை அளந்தார்கள்: எத்தனை படி, எந்தக் கதவு எவ்வளவு அகலம், எங்கே சக்கரம் மாட்டும். எங்கள் பள்ளியில் சாய்தளமும் உண்டு. அது கடைசி அறைக்குப் போகிறது. வாக்குச்சாவடி எண் சுவரில் எழுதிய அறை; ஓட்டுப் போட வருகிறவர்களுக்காகப் போட்ட சாய்தளம். மற்ற நாளெல்லாம் அறைக்குள் உடைந்த பெஞ்சுகளும், வெளியே பூட்டும். அது தேர்தலுக்கு உரிய அறை, உள்ளே ஓர் ஆணி அடித்தாலும் கலெக்டரே ஜீப்பில் வந்து இறங்குவார் என்பது ஆசிரியர்கள் எல்லோருடைய எண்ணம். அதில் அதிகம் நடுங்கியவன் நான்.

வகுப்பையே அந்த அறைக்கு இறக்கிவிடலாம் என்றார்கள் பிள்ளைகள். தலைமையாசிரியையிடம் கேட்க ஒரு நீண்ட பேச்சு தயாரித்தேன். அதற்குள் பிள்ளைகள், சாய்தளம் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியை அறையிலிருந்து அவருடைய சக்கரம் வைத்த நாற்காலி வந்தது. எடை வேண்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள். பாதி ஏறியதும் தள்ளியவர்களின் கை வழுக்கியது. நான் பின்னோக்கி உருண்டு, ‘அம்மா’ என்று அலறி, வேப்ப மரத்தில் போய் நின்றேன். எதிரே தலைமையாசிரியை.

“என் சேர்ல என்ன சார் பண்றீங்க?”

தயாரித்த பேச்சில் ஒரு சொல்கூட ஞாபகம் வரவில்லை. முதல் பெஞ்சுக்காரிதான் பேசினாள்.

“ஏழாவத இந்த ரூமுக்கு மாத்தணும் டீச்சர். அவளைத் தூக்காம கூட்டினு வரதுக்கு.”

தேர்தலுக்கு அறையைக் கொடுக்க வேண்டுமே என்று அவர் இழுத்தார். நான் பலமாகத் தலையாட்டினேன், பழக்கதோஷம்.

“அது ஒரு நாளுதான டீச்சர். அன்னிக்கு எங்களுக்கும் லீவுதான.”

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் வேப்ப மரத்தைப் பார்த்தேன். சாவி எங்கே என்று கேட்டார். யாருக்கும் தெரியாததால் பூட்டை உடைத்தோம்.

கலெக்டர் வரவில்லை. பெஞ்சுகளை வெளியேற்ற இரண்டு நாள் ஆனது. பக்கத்திலேயே சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை ஒன்று கட்டிக் கிடந்தது. அதில் துடைப்பமும் பினாயில் கேனும் குடியிருந்தன. அவற்றைக் காலி செய்ய வைத்தோம். பாதுகாப்புக்குப் பிடிகம்பி வேண்டும் என்றேன். வெல்டிங் வேலை செய்யும் ஒரு அப்பா ஷிப்ட் முடிந்து வந்து வைத்துக் கொடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை அவள் வந்தாள். சாய்தளம் செங்குத்து, பின்னால் இரண்டு பேர் தள்ள வேண்டும். யார் தள்ளுவது என்று அவளே சொன்னாள், என்னைச் சேர்க்கவில்லை. மத்தியானத்துக்குள் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தாள். அவள் அப்பாவுக்குக் காலை ஷிப்ட் வரும் வாரத்தில் கொண்டுவந்து விட ஆள் இல்லாததால் அவள் வருவதில்லை. மற்ற வாரங்களில் வருகிறாள்.