பாறை மூலையில் நின்ற தேங்காய்

நான்காம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில், ஒரே ஒரு நாள், எங்கள் ஊரில் என்னைவிடப் பெரிய ஆள் யாருமே இல்லை. அன்றைக்கு என் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றது.

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே எங்களுக்குக் கொஞ்சம் காடு உண்டு. காடு என்றதும் யானை, புலி என்று போய்விட வேண்டாம். எங்கள் பக்கம் விளைநிலத்துக்கே அதுதான் பெயர். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் புழுதி. அப்பா தண்ணீருக்காக இரண்டு முறை போர் போட்டு இரண்டும் வெறும் புகையாகப் போயிருந்தன. மாடுகளை விற்றாயிற்று. அப்பா ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா அடுத்தவர் காட்டில் குச்சிக்கிழங்கு பிடுங்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ராசிபுரம் பக்கமிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. வந்தவர்கள் அக்காவைப் பார்த்ததைவிடக் காட்டை அதிக நேரம் பார்த்தார்கள். ஆண் பிள்ளை இல்லாத வீடு, நாளைக்கு எல்லாம் மருமகனுக்குத்தானே! "பொண்ணு புடிச்சிருக்குதுங்க. காட்டுல தண்ணி மட்டும் வந்துட்டா வைகாசியிலயே வச்சுக்கலாமுங்க," என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவின் செல்போனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதற்கு மாதம் தவறாமல் ஏதாவது ஒரு நோய் வரும். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ரிப்பேர் கடை வைத்திருந்த ஒரு அண்ணன் கை பட்டால்தான் குணமாகும். துணைக்கு நான் போவேன். அவர் போனைத் திறக்காமலே, அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே ரிப்பேர் செய்துவிடுவார். எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக் என்று எனக்கு ஒரே வியப்பு. போகும்போதெல்லாம் எனக்கு ஒரு சாக்லேட் உண்டு. வரன் வந்த வாரம் போன் நன்றாகவே இருந்தது. இருந்தும் போனோம். அன்று இருவரும் பேசவே இல்லை. எனக்கு மட்டும் இரண்டு சாக்லேட் கிடைத்தது.

அப்பா மூன்றாவது போருக்குத் துணிந்தார். நீரோட்டம் பார்ப்பவர்கள் குடுமித் தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார்கள். அடியில் தண்ணீர் ஓடும் இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். பெரியவர்கள் கையை நம்பி இரண்டு முறை ஏமாந்த அப்பா, சூதுவாது தெரியாத குழந்தை கைக்குத்தான் தேங்காய் பொய் சொல்லாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டார். அந்தக் குழந்தை நான்!

முதல் நாள் சாயங்காலம் அக்கா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய்ப் பழக்கினாள். "பாறை மூலைக்குப் போனதும் விரலை மெல்ல மடக்கு பாப்பா. தேங்காய் எந்திரிச்சுக்கும். ஆருகிட்டயும் சொல்லிப்போடாத." பாறை மூலையில் அருகம்புல்கூட முளைக்காது. ஆனால் அக்கா கல்லூரியில் படிக்கிறவள், அவளுக்குத் தெரியாததா?

மறுநாள் பாதி ஊர் பின்னால் வர, நான் தேர் மாதிரி அசைந்து நடந்தேன். பாறை மூலை வந்தது. விரலை மடக்கினேன். தேங்காய் குடுமியைத் தூக்கிக்கொண்டு விறைப்பாக நின்றது! "நின்னுக்கிச்சு! நின்னுக்கிச்சு!" என்று கூட்டம் கூவியது.

"ஏனுங்க, போயும் போயும் பாறையிலயா?" என்று அம்மா இழுத்தாள்.

"சாமி கை சொல்லுதுடி," என்றார் அப்பா. என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, விடிந்ததும் போர்வண்டி வந்தது. அது போட்ட சத்தத்தில் என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. பூஜை போட்டுக் குழாயை இறக்கினார்கள். வெள்ளைப் புகை. இன்னொரு குழாய், மறுபடி புகை. எல்லோர் தலையும் மாவு மில்லில் வேலை செய்கிறவர்கள் தலைபோல ஆகிவிட்டது. மத்தியானம் வரை ஈரம் என்ற பேச்சே இல்லை. நான் மட்டும் சளைக்காமல் குதித்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்ன இடமாயிற்றே!

வண்டிக்காரர் வந்தார். "கருங்கல்லாவே வருதுங்கண்ணா. நிறுத்திக்கலாமுங்களா?"

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "இதோட முடிஞ்சுது. காட்டை வித்துற வேண்டீதுதான்," என்றார். அப்பாவின் தோள் குலுங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

அக்கா அப்பாவைப் பார்த்தபடியே நின்றாள். அவள் நினைத்தபடி எல்லாம் நடந்துகொண்டிருந்தது, ஆனால் அது எனக்கெப்படித் தெரியும்? திடீரென்று ஓடிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, இன்னொரு குழாய் எறக்கச் சொல்லுங்கப்பா. ஒண்ணே ஒண்ணு!"

"வேண்டாஞ்சாமி."

"எனக்காக எறக்கச் சொல்லுங்கப்பா!"

அந்த ஒரு குழாய் பாதிகூட இறங்கவில்லை. புகை நின்றது. வண்டி ஒரு முறை இருமியது. அடுத்த நொடி சாம்பல் நிறத்தில் சேறு பீச்சியடித்தது. அதன் பின்னாலேயே தண்ணீர்! வண்டியைத் தாண்டி, எங்கள் வேப்பமர உயரத்துக்குத் தண்ணீர்! அம்மா குலவையிட்டாள். அப்பா வேட்டியை மடித்துக்கட்டி ஆடினார். ஆடிக்கொண்டே, "வைகாசியில கல்யாணம்! என்ற பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம்!" என்று கத்தினார்.

அக்கா நேராகப் போய், கொட்டுகிற தண்ணீருக்கு நடுவில் நின்றாள். நான் பாய்ந்து அவள் இடுப்பில் ஏறிக்கொண்டேன். "நீ சொன்ன எடந்தாங்க்கா!" என்று காதில் ரகசியம் சொல்லி, கன்னத்தில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தேன். உதடு கரித்தது. உப்புத்தண்ணீர் வந்து பாழாய்ப்போன காடுகளை நானும் பார்த்திருக்கிறேன்.

"அப்பா! தண்ணி உப்புங்கப்பா!"

ஆட்டம் சட்டென்று நின்றது. அப்பா இரு கையாலும் ஏந்திக் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். "எளநி சாமி, எளநி!" என்று சிரித்தார். அம்மா குடித்தாள், வண்டிக்காரர் குடித்தார், ஊரே குடித்துப் பார்த்து என்னைக் கேலி செய்தது. "நெசமாலுமே உப்புங்கப்பா," என்று அழாத குறையாகச் சண்டை போட்டேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "மொதத் தண்ணி அப்படித்தான் பாப்பா இருக்கும்," என்று என் வாயைத் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

மோட்டார் இறக்கிய அன்று முதல் ஆளாக ஓடிப்போய் வாய் வைத்துப் பார்த்தேன். உப்பே இல்லை. அக்கா சொன்னால் எதுவும் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வயிறு முட்டக் குடித்தேன்.