துக்க வீட்டுக்கு வந்த ஆறு ஸ்பீக்கர்கள்

அண்ணனை அடக்கம் பண்ணி வெகுநாள் கழிந்துதான் அவன் போட்ட கார்கோ வந்து சேர்ந்தது. ஆள் பிளேனில் வந்தான், சாமான் கப்பலில் வந்தது. பெட்டியைக் கார்கோகாரர்களிடம் கொடுத்த அதே வாரத்தில், சவூதியில் ரூமில் படுத்தவன் காலையில் எழும்பவில்லை. நெஞ்சுவலி என்று சொன்னார்கள். அதற்குமேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி ஒன்று வரவேண்டியிருக்கிறது என்பதையே நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

வேன் வந்து நின்றபோது நான் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றதிலிருந்து அதுதான் எனக்கு வேலை. டிரைவர் இறங்கி அண்ணனின் பெயரைச் சொல்லி, "ஆளு உண்டா?" என்று கேட்டான். அவன்மேல் தப்பில்லை. பெட்டியில் எழுதியிருந்ததைத்தான் வாசித்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். அழவில்லை. பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். எல்லாப் பக்கமும் கறுப்பு மார்க்கரில் அண்ணனின் கையெழுத்து.

"எழுத்து கீறாம வெட்டு மக்கா," என்றாள்.

எழுத்தில்லாத இடம் அடிப்பாகம் மட்டும்தான். அதனால் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அடியில் வெட்டினேன். கம்பளி, சோப்பு, பால்பொடி, தைலக்குப்பி. இவற்றுக்கு நடுவில், கம்பளிக்குள் குழந்தையைப் பொதிந்த மாதிரிப் பொதிந்து, ஹோம் தியேட்டர். சின்ன ஸ்பீக்கர் ஐந்து, பெரிய சப்வூஃபர் ஒன்று, டிவிடி போடுகிற தட்டையான பெட்டி ஒன்று.

வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் இதைப்பற்றியே பேசுவான். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "போன அவகிட்ட குடு" என்பான். எனக்குச் சொல்லிக்கொடுப்பான். டிவிக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொன்று. டிவிக்கு மேலே ஒன்று, அதில்தான் பேச்சு கேட்கும். இருக்கிற ஆளுக்குப் பின்னால் ரெண்டு, காது உயரத்தில். பெரியதைத் தரையில் வை, மூலையில் தள்ளிவிடாதே, மூலையில் வைத்தால் குதிருக்குள் கத்துகிற மாதிரி இருக்கும். கிறிஸ்மஸுக்கு வருவானாம். வந்து நடுவில் நாற்காலி போட்டு இருந்து படம் பார்ப்பானாம். "தெரு முழுக்க அதிரணும், கேட்டியா? வேற ஒருத்தனையும் தொட விடாத. நீதான் மாட்டணும்."

பிரித்த சாமானைப் பார்த்து அம்மா சொன்னாள்: "ஒனக்குத்தானே எல்லாம் சொன்னான். வையி."

துக்க வீட்டில் எப்படி வைப்பது? எங்கள் கரையில் ஒரு சாவு விழுந்தால் வருஷப் பூசை கழிகிறவரை அந்த வீட்டில் டிவி போடமாட்டார்கள், பாட்டுக் கேட்கமாட்டார்கள். எங்கள் டிவியை அப்பாவின் வேட்டியால் மூடித்தான் வைத்திருந்தோம். அண்ணனின் அடக்கம் முடிந்ததுமே அப்பா ஆழ்கடல் போட்டில் ஏறிப்போய்விட்டார். வீட்டில் இருக்க அவரால் முடியவில்லை. அதனால் எங்களுக்குப் புத்தி சொல்ல மாமிதான், அப்பாவின் தங்கச்சி. அடுத்த வீடு. சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் என்பதால் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் கேட்கும்.

மாமி வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டாள். "ஏட்டி, எளவு வீட்டுல கொட்டு வைக்கப்போறியா? ஊரு என்ன சொல்லும்?"

"பாட்டு ஒண்ணும் போடல்ல மாமி. வச்சிப் பாக்கணும்னு அம்மா சொல்லுகா."

"வச்சா போடத் தோணும். போட்டா ஊரு காரித் துப்பும்."

அம்மா உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னாள். "எம்பிள்ள அனுப்புனது நல்லா இருக்கா, கெட்டுப்போச்சான்னு எனக்குத் தெரியாண்டாமா? அத மட்டும் பாக்கணும். பெறவு நான் அத மூடி வச்சுக்கிடுதேன்."

 மாமி உள்ளே வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோப்பை மோந்து பார்த்தாள்.

 அம்மா அண்ணன் செத்த நாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கஞ்சி கொடுத்தால் அரைக் கிண்ணத்தில் கையை எடுத்துவிடுவாள். இப்போது அவள் இந்தப் பெட்டியைப் பார்க்கிற பார்வை எனக்குப் பயமாக இருந்தது. இது வேலை செய்யவில்லை என்றால் அவள் என்ன ஆவாள்? அதைவிடப் பயம், நான் ஏதாவது தப்பாக மாட்டி அது என் கையில் கரிந்துபோனால்? சோப்பும் பால்பொடியும் தீர்ந்தால் அண்ணன் அனுப்பியதில் மிச்சம் இது ஒன்றுதான்.

வயர் மாட்டுகிற வேலையில் எனக்குக் குழப்பமில்லை. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஆனால் சுவரில் ஆணி இறங்கவில்லை. அடித்தால் ஆணி வளைந்தது, இல்லையென்றால் சிமெண்டு பெயர்ந்து விழுந்தது. கடைசியில் பின்னால் வைக்கிற ஸ்பீக்கர் ரெண்டையும் நைலான் நூலால் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டேன். டிவிக்கு மேலே வைக்கவேண்டியதை வைக்க இடமில்லை, அங்கே திருஇருதய ஆண்டவர் படம் இருந்தது. அம்மா படத்தை எடுக்க விடவில்லை. அதனால் ஆண்டவரின் காலடியில் வைத்தேன். எல்லாம் நடுவில் இருக்கிற ஆளைப் பார்க்கவேண்டும் என்று அண்ணன் சொன்னதால், பிளாஸ்டிக் நாற்காலியை ஹாலின் நடுவில் போட்டு, கயிறு பிடித்து நேர் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஆறு ஸ்பீக்கரும் அந்த ஆளில்லாத நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தன.  அடுக்களைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால் நாற்காலியில் மாமி இருக்கிறாள்.

"மாமி, எழும்பு."

"ஏன்? கால் வலிக்கு."

 நான் விட்டுவிட்டேன்.

கரண்டு கொடுக்கிற நேரம் மாமா வந்தார். மாமியின் வீட்டுக்காரர். பல வருஷம் சவூதியில் இருந்தவர். பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். தட்டையான ரெண்டு கால்.

"நில்லு, நில்லு. இத சுவத்துல சொருகிராத. சவூதி சாமான். அங்க கரண்டு நூத்திப் பத்தாக்கும், இஞ்ச இருநூத்தி முப்பது. குடுத்த ஒடனே டப்புனு பெய்ரும். எங்க மிக்சி போன கத ஒனக்குத் தெரியாதா?"

"அந்த மிக்சியக் கரிச்ச ஆளே இவருதான்," என்றாள் மாமி. "தேங்கா அரைக்கதுக்கு முந்தி வீடு நெறைய பொக."

"நீ சும்மா கெட. அனுபவம்னு ஒண்ணு உண்டும்லா."

மிக்சி கரிந்த பிறகு மாமா ஒரு டிரான்ஸ்பார்மர் பெட்டி வாங்கிக்கொண்டுவந்திருந்தார். நம் ஊர்க் கரண்டைப் பாதியாகக் குறைத்து நூற்றுப் பத்தாகத் தருகிற பெட்டி. எங்கள் தெருவில் அது அவரிடம் மட்டும்தான் உண்டு. இரும்புக் கனம். வீட்டுக்குப் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். தட்டைக் கால் பிளக் அதில் அழகாகப் போய்ப் பொருந்தியது.  நல்லகாலம், மாமா வந்தார், இல்லாவிட்டால் நான் சுவரிலேயே கொடுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா சிலுவை போட்டாள். நான் சுவிட்சைப் போட்டேன்.

டிரான்ஸ்பார்மர் மட்டும் 'ம்ம்' என்றது. டிவிடி பெட்டியில் ஒரு சிவப்புப் பொட்டு மங்கலாகத் தெரிந்தது, அணைந்தது. உள்ளே எங்கேயோ டிக் என்றது. மறுபடியும் பொட்டு, மறுபடியும் டிக். ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. பட்டனை அழுத்தினேன். ரிமோட்டை அழுத்தினேன். பேட்டரியைக் கழற்றித் துணியில் துடைத்துப் போட்டேன். வயரையெல்லாம் பிடுங்கி முதலிலிருந்து மாட்டினேன். கை வியர்த்து வயர் வழுக்கியது. டிக், டிக்.

மாமா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கப்பல்ல உப்புத் தண்ணி கேறியிருக்கும். நமக்கு ஒண்ணும் செய்ய ஒக்காது."

அம்மா சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். சப்வூஃபரை இழுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு தடவினாள். "இதுக்கும் உசிரு இல்லியா," என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரலைக் கேட்டு மாமி நாற்காலியைவிட்டு எழும்பிவிட்டாள். எனக்கு ஓடிப்போய்விடலாம் போல் இருந்தது. அண்ணன்மேல்கூடக் கோபம் வந்தது. எதுக்குடா இதை அனுப்பினாய், வெறும் சோப்பு அனுப்பியிருந்தால் போதாதா என்று.

மூடி வைத்துவிடலாம் என்று சப்வூஃபரைக் கம்பளியில் கவிழ்த்துப் போட்டேன். மொத்தச் செட்டுக்கும் கரண்டு வயர் அதன் முதுகிலிருந்துதான் வருகிறது. அந்த வயருக்குக் கீழே ஒரு துண்டு தவிட்டு நிற டேப் ஒட்டியிருந்தது. பெட்டிக்குச் சுற்றியிருந்த அதே டேப். கம்பெனிக்காரன் ஒட்டுகிற மாதிரி இல்லை, கையால் கிழித்து ஒட்டியது. நகத்தால் உரித்தேன். உள்ளே ஒரு குழியில், விரல் நுனி அளவு சிவப்பு சுவிட்ச். தள்ளுகிற மாதிரி. அதில் 220 என்று தெரிந்தது.

"மாமா, இது என்ன?"

மாமா கண்ணாடி போடாமல் தள்ளிப்பிடித்துப் பார்த்தார். "இது ரெண்டு கரண்டுலயும் ஓடுத சாதனம். தள்ளி மாத்திக்கிடலாம், நூத்திப் பத்து அங்க, இருநூத்தி இருபது இஞ்ச."

"அப்பம் இது இருநூத்தி இருபதுல நிக்கா?"

"அது எப்பிடிச் சொல்லது? தெரியுத நம்பரு மாத்தி வச்ச நம்பரா, இனி மாத்த வேண்டிய நம்பரா? பொருத்தித்தான் பாக்கணும். பொருத்துனா ஒண்ணு பாடும், இல்லன்னா எங்க மிக்சி மாதிரி ஆவும்."

நான் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் மாற்றவேண்டிய சுவிட்சை யாராவது ஒட்டி மறைப்பார்களா? மாற்றி முடித்துவிட்டு, கப்பலில் ஆடி அசைந்து திரும்பிவிடக்கூடாது என்றுதானே ஒட்டுவார்கள். கடையில் வாங்கியதை அண்ணன் பிரித்திருக்கிறான். நம் வீட்டுக் கரண்டுக்கு மாற்றியிருக்கிறான். ஒட்டியிருக்கிறான். நாங்கள்தான் ஜாக்கிரதையாக இருக்கிறோம் என்று அதற்குப் பாதிக் கரண்டைக் கொடுத்திருக்கிறோம். அரைக் கிண்ணக் கஞ்சியில் எப்படி எழும்பும்?

சொன்னேன். மாமா தலையைச் சொறிந்தார். "சரிதான் போல இருக்கு. ஆனா நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லாத. கரிஞ்சா நான் பொறுப்பில்ல."

"எப்பம் நீரு பொறுப்பு?" என்றாள் மாமி.

கல்ப் சார்ஜர்களுக்குப் போடுகிற கன்வெர்ட்டர் பின் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கிடக்கும். மாமி போய் ஒன்று எடுத்துவந்தாள். டிரான்ஸ்பார்மரை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் சொருகினேன். சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன். நான் நினைத்தது தப்பு என்றால்? மாமாவுக்குத் தெரியாதது எட்டாவது படித்த எனக்குத் தெரிந்துவிடுமா? அம்மாவிடம், "நீ வெளிய நில்லேன்" என்றேன்.

"நான் எங்கயும் போவல்ல. போடு."

போட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். கரிந்த மணம் வருகிறதா என்று மூக்கை மட்டும் திறந்துவைத்திருந்தேன். மணம் இல்லை. கண்ணைத் திறந்தால் டிவிடி பெட்டியில் பச்சை எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. சப்வூஃபர் ஒருதரம் 'தும்' என்று தொண்டையைச் செருமியது.

பாட்டுப் போடக்கூடாது. ஜெபமாலை சிடி போடலாமா என்று மாமியைக் கேட்டேன். யோசித்துவிட்டு, அதற்கும் பங்குச் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்றாள். ரிமோட்டில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருந்தது. பயந்து பயந்து, சத்தத்தைக் குறைத்து வைத்து அழுத்தினேன்.

டிவிக்கு இடதுபக்கம் 'உஷ்ஷ்ஷ்' என்று ஒரு இரைச்சல். நின்றது. ஆண்டவர் காலடியில் அதே இரைச்சல். பிறகு வலதுபக்கம். பிறகு பின்னால் ஜன்னலில் ஒன்று, அடுத்ததில் ஒன்று. கடைசியில் தரையில் பெரியது, காதில் விழவில்லை, காலில்தான் தெரிந்தது. ஆறும் பேசின. ஒன்றுகூடச் சாகவில்லை. திரும்ப முதலிலிருந்து சுற்றியது.

அம்மா நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். தலையைத் திருப்பித் திருப்பி அந்த இரைச்சல் போகிற இடமெல்லாம் பார்த்தாள். ஓடுகிற கோழிக்குஞ்சைப் பார்க்கிற மாதிரி. இது பாட்டா, பேச்சா என்று மாமி கேட்டாள். ரெண்டுமில்லை என்றேன். "அப்பம் குத்தமில்ல," என்றாள்.

அம்மா அன்றைக்குக் கஞ்சி முழுக்கக் குடித்தாள் என்று எழுத ஆசைதான். குடிக்கவில்லை. ஆனால் மறுநாள் சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும், முழங்காலிலிருந்து எழும்பாமலே சொன்னாள்: "மக்கா, அத ஒண்ணு சுத்த விடு."

வருஷப் பூசை வருகிறவரை அது நடந்தது. தினமும் ஒரு சுற்று. அந்த வீட்டில் சாயங்காலமானால் பிரஷர் குக்கர் வைக்கிறார்கள் என்று தெருவில் கேலி பேசினார்கள். அம்மாவுக்கு அது சுற்றி வந்தால் போதும், எழும்பிப் போய் அடுக்களையைப் பார்ப்பாள். எனக்கு மட்டும் பயம் விடவில்லை. இன்றைக்கு எழும்பாமல் போனால் அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒவ்வொரு நாளும் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நிற்பேன். அம்மா முழங்காலில் இருந்தபடியே காத்திருப்பாள்.