தூங்கிய பொடியன் ஏன் குதிக்கிறான்?

புத்தக பைண்டிங் கூடத்தில் அவளைப் பூனை என்றுதான் கூப்பிடுவார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. மடித்த தாள்கட்டுகளை மேசையைச் சுற்றி வரிசையாக அடுக்கி வைப்பது அவள் வேலை. மற்ற பெண்கள் சுற்றி நடந்து ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்று எடுத்தால் ஒரு புத்தகம் சேர்ந்துவிடும். முதல் சுற்றில் சேர்வதைத் தைத்து, சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம்.

அன்று பூனையின் முறை. தூங்க அடம்பிடிக்கும் ஒரு பொடியனைப் பற்றிய பாட்டுப் புத்தகம். அட்டை ஒட்டுவது மட்டும் பாக்கி.

ராத்திரி வீட்டில் சாப்பிட்டதும் மகளை மடியில் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“தண்ணி வேணும் அம்மா, கண்ணில் தூக்கம் சும்மா.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“கொட்டாவி வந்தது மெல்ல, குட்டிக்கு வாயில்லை சொல்ல.”

பொடியன் தூங்கிவிட்டான். பக்கத்தைத் திருப்பினால், கட்டில்மேல் தலையணையோடு குதிக்கிறான்.

“விடிஞ்சிருச்சு, எந்திரிச்சுட்டான்” என்றாள் அம்மா.

“இல்லம்மா. ஜன்னல்ல நிலா இருக்கு பாரு.”

பூனை முந்தின பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். படங்கள் தாளின் ஓரம்வரை பரவியிருந்ததால் பக்க எண் கிடையாது. படத்தைப் பார்த்துத்தான் அடுக்கினாள். குதிக்கிற பிள்ளை என்றால் காலை என்று கை தானாகவே அதைக் கடைசியில் வைத்துவிட்டது. ஜன்னலை யார் பார்த்தார்கள்? காலையில் அட்டைக்குப் பசை ஏறிவிட்டால், கூடத்தில் தைத்து வைத்திருக்கும் அத்தனை புத்தகமும் பாழ். சொன்னாலோ, வேலைக்கே உலை. போன மாதம்தான் இதே மாதிரித் தப்புக்கு மேஸ்திரி ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

“அவனே எந்திரிச்சுட்டான், நான் மட்டும் எதுக்குத் தூங்கணும்?” என்று மகள் கட்டிலில் ஏறினாள்.

ஒருவழியாகப் பிள்ளை சுருண்டது. தாய்தான் புரண்டு புரண்டு படுத்தாள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் ஜன்னலைக் காட்டுமே.

காலையில் கூடத்துக்குள் நுழையும்போதே பசை வாடை. அட்டை ஒட்டுகிற அக்கா பிரஷ்ஷை நனைத்துவிட்டாள். பூனை மேஸ்திரியின் முன்னால் போய் நின்றாள். அதற்குள் பிரஷ் அடுக்கை நெருங்கியது. சட்டென்று திரும்பி, புத்தக அடுக்கின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

“என்னடி பூனை, காலங்காத்தால மறியல் பண்ற?” என்றாள் அக்கா.

பூனை மேலே இருந்த புத்தகத்தைப் பிரித்துப் பாட்டைப் படித்தாள். கொட்டாவி வந்து தூங்கியதை. அடுத்த பக்கத்தில், “கட்டில் மேலே ஆட்டம், எட்டுத் திக்கும் ஓட்டம்.” கூடம் முழுக்கக் கேட்டது.

“தூங்குன பிள்ள எதுக்குடி குதிக்குது?” என்றாள் அக்கா.

மேஸ்திரி புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். “யார் அடுக்குனது?”

“நான்தாண்ணே. ஜன்னலப் பாக்கல.”

அவர் புத்தகத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “உனக்குக் குரல் வேற இருக்கா? எல்லாத்தையும் நீயே பிரி. பிரிச்சுத் திரும்ப அடுக்கு. இந்தவாட்டியாவது ஜன்னலப் பாத்து.”

சாயங்காலம் விரலெல்லாம் நூல் அறுத்த கோடுகள். வீட்டிலிருந்த புத்தகத்தையும் பிரித்துச் சரிசெய்யக் கத்தரியை எடுத்தாள். மகள் புத்தகத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“இதப் பிரிக்காதம்மா. இதுலதான் அவன் தூங்க மாட்டான்.”

கத்தரியைக் கீழே வைப்பதற்குள் மகள் கட்டில்மேல் நின்றாள்.